தியாகராஜாவின் படர்தாமரை

"சொறி எங்கேர்ந்து வருது?" என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் சவரிநாதன், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று முழங்கிய அதே நொடியில், அது அவருடைய இடது விலாவுக்குக் கீழே வந்தது.

வந்தது என்று சொல்வதும் சரியில்லை. ஒரு மாதமாகவே அங்கேதான் குடியிருந்தது. சட்டைப் பொத்தான் அளவில் தொடங்கி, தோசை மாவு பரவுவதுபோல் வட்டமாகப் பரவி, இப்போது தேநீர்த் தட்டு அளவுக்கு வளர்ந்திருந்த படர்தாமரை. மற்ற நேரங்களில் சும்மா கிடக்கும். சவரிநாதன் சுத்தத்தைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால் விழித்துக்கொள்ளும்.

"அழுக்குலேர்ந்து வருது!" என்று தம் கேள்விக்குத் தாமே பதில் சொன்னார். கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய், துணிக்கு மேலாகவே சொறிந்தது. "குளிக்காத ஒடம்புலேர்ந்து வருது! அதுக்கு மேல, ஈப்போவுல எவனோ ஒரு நாட்டு வைத்தியன் குடுக்குற எண்ணெயத் தடவுறீங்க பாரு, அதுலேர்ந்து வருது! இனிமே எவனாச்சும் வைத்தியன்கிட்ட போனான்னு தெரிஞ்சுது, ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்டக் கூடாது. எழுதி ஒட்டியிருக்கேன், பாத்தீங்கல்ல?"

ஒட்டியிருந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும். ஆங்கிலத்தில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைப் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி தியாகராஜா சிவப்பு மையால் திருத்தி, ஓரத்தில் தம் கையொப்பத்தையும் போட்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம் வேறு ஜாதி என்பதில் தியாகராஜாவுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அந்தச் சிவப்பு மையைப் பார்த்த நாள்முதல் சவரிநாதன் அவரிடம் "குட் மார்னிங்" தவிர வேறொன்றும் பேசுவதில்லை. அதையும் எழுத்துப் பிழை பார்க்க முடியாத வேகத்தில் சொல்லிவிடுவார்.

பெரட்டு கலைந்தது. ஆட்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ரப்பர் வெட்டுக்காட்டுக்கு நடந்தார்கள். ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கும் கருப்பம்மாள் மட்டும் நின்றாள்.

"ஐயா, கோட்டுப் பையில என்ன, பூரானா?"

"என்ன?"

"இல்ல, கைய விட்டு அந்தக் கடை கடையிறீங்களே."

"பேனாவத் தேடுனேன். போய் வேலையப் பாரு."

"பேனா காதுல இருக்கு லா," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

கைக்கெட்டிய மருந்தையெல்லாம் சவரிநாதன் போட்டுப் பார்த்துவிட்டார். ஆட்களுக்குக் கொடுக்கும் மஞ்சள் களிம்பைப் பதினைந்து நாள் தடவியதில் சட்டை மஞ்சளானது. தாமரைக்கு ஒரு இதழ்கூட வாடவில்லை. இது நிற்க, அவருடைய மேசை இழுப்பறையில் கம்பெனியின் வெள்ளைக்கார டாக்டர் துரையின் கடிதம் ஒன்று கிடந்தது. ரப்பர் பால் விலை ஏறிக் கிடந்த வருஷம் அது. கம்பெனி தன் ஆறு தோட்டங்களுக்கும் பொதுவாக ஈப்போவில் புது ஆஸ்பத்திரி கட்டியிருந்தது. அதற்குத் தலைமை டிரசராகச் சவரிநாதனைச் சிபாரிசு செய்ய டாக்டர் துரைக்கு எண்ணம். சனிக்கிழமை வருவார்; உடம்பைப் பரிசோதிப்பார்; பிறகு கையெழுத்துப் போடுவார்.

உடம்பு என்றால் டாக்டர் துரைக்குத் தோல்தான். பக்கத்துத் தோட்டத்து டிரசர் போன வருஷம் விரலிடுக்கில் சிரங்கோடு அவரிடம் கை நீட்டினார். அடுத்த வாரம் அந்த டிரசர் சிலிம் ரிவரில் ஒரு கடையில் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தார். "தன் தோலைக் காக்கத் தெரியாதவன் அடுத்தவன் தோலைத் தொடக் கூடாது" என்று டாக்டர் துரை சொன்னதை ஆறு தோட்டத்து டிரசர்களும் கெட்ட கனவில்கூட ஒப்பிப்பார்கள்.

சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் சவரிநாதன் சைக்கிளை எடுத்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் மனைவி கெர்ட்ரூட்.

ஈப்போ என்று சொன்னால் கடைக்கு ஒரு பட்டியல் கொடுப்பாள். வாயில் வந்த ஊரைச் சொன்னார். "தஞ்சோங் ரம்புத்தான்."

"ஐயோ மாதாவே! யாருக்குப் பைத்தியம்?"

"யாருக்கும் இல்ல. சும்மா ஒருத்தரப் பாக்கணும்."

"பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்குற ஊரு, சும்மா பாக்குற ஊரா அது?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் அவர் ஜெலாப்பாங் சாலையில் இருந்தார்.

ஈப்போவில் ஒரு சீனன் காப்பிக்கடைக்குப் பின்சந்தில் இருந்தது, தாம் பெரட்டுக்குப் பெரட்டு திட்டிக்கொண்டிருந்த அந்த வைத்தியசாலை. சவரிநாதன் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, உள்ளே நுழைந்தார். வைத்தியர் ஸ்கந்தராஜா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதமே ஆனவர். நெற்றியில் திருநீறு, மூக்கில் கண்ணாடி, எதிரே ஒரு தடித்த பேரேடு.

"வாங்கோ, இருங்கோ. எங்கயிருந்து வாறியள்?"

எதற்கும் பொய் சொல்லத் தயாராக வந்திருந்தவர், முதல் கேள்விக்கு மட்டும் தயாராக வரவில்லை. தோட்டத்தின் பெயரை உள்ளபடியே சொல்லிவிட்டார்.

வைத்தியரின் முகம் மலர்ந்தது. "அட, அந்தத் தோட்டமே! அங்கத்த டிரசர் சவரிநாதன் எங்கட ஆள்தான்!"

சவரிநாதனுக்கு நாற்காலி ஒருமுறை சுற்றி நின்றது. "யாரு?"

"சவரிநாதன். மூண்டு மாசமா எங்கட எண்ணெய்தான் பாவிக்கிறார். ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் மருந்து, தனக்கெண்டா எங்கட மருந்து!" வைத்தியர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆளை நான் கண்டதில்லை. ஆள் விட்டுத்தான் வாங்கிறவர். பாவம், முதுகு முழுக்க விசர்ச்சிகை."

"விசரா?" தியாகராஜா கணக்குப் பிள்ளைகளைத் திட்டும் சொல் அது. "அப்ப அவருக்குப் பைத்தியமா?"

"சீச்சீ. விசர் இல்லை, விசர்ச்சிகை. நீர் கசியிற சொறி. ஆளைக் காணாமல் இனி மருந்து தரமாட்டன் எண்டு போன மாசம் சொல்லிப்போட்டன். அதுக்கு, 'ஈப்போவுக்கே மாறி வரப் போறார், வந்த உடனே நேரில வருவார்' எண்டு பதில் வந்தது."

சவரிநாதனின் மூளை வேகமாக ஓடியது. தம் பெயரில் எவனோ எண்ணெய் வாங்குகிறான். தாம் ஈப்போவுக்கு மாறப்போவதும் அவனுக்குத் தெரியும். டாக்டர் துரையின் கடிதம் யார் கை வழியாக வந்தது? தோட்டத்துத் தபாலை முதலில் பிரித்துப் பார்ப்பது யார்? இந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டோடு அலைவது யார்? ஊரைவிட்டு வந்த வைத்தியனிடம் நம்பிக்கை வைக்கக்கூடிய யாழ்ப்பாணத்து ஆள் தோட்டத்தில் யார்?

"உங்கட பேர் என்ன எண்டனியள்?" வைத்தியர் பேரேட்டைத் திறந்து பேனாவைத் தொட்டார்.

"தியாகராஜா," என்றார் சவரிநாதன். "பெரிய கிராணி."

மூன்று மாதப் பெயர்த் திருட்டுக்கு ஒரு நாள் பதிலடி கொடுத்த திருப்தி. அது சரியாக ஒரு மூச்சு நேரம் நீடித்தது.

"எங்கட ஊர் ஆளோ!" வைத்தியர் எழுந்தே நின்றுவிட்டார். "முதலே சொல்லுறதுக்கென்ன! ஊரில எவடம்?"

சவரிநாதனுக்கு அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஊர்ப் பெயர் தெரியும். "பருத்தித்துறை."

"பருத்தித்துறையில எவடம்?"

"கடல்... கடல் பக்கத்துல."

"பருத்தித்துறையே கடல் பக்கத்திலதானே!"

"ஓம்," என்றார் சவரிநாதன். தியாகராஜாவிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அந்த ஒரு சொல்தான் அன்று அவரைக் காப்பாற்றியது. "சின்ன வயசுலயே வந்துட்டேன். வந்திட்டன்."

"அதுதான் கதை கொஞ்சம் கெட்டுப்போச்சு," என்று வைத்தியர் இரக்கப்பட்டார். "சட்டையைக் கழட்டுங்கோ."

கழற்றினார். வைத்தியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாமரையை ஓரத்தில் தொட்டு, நடுவில் தட்டி, முகர்ந்தும் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "குஷ்டம்," என்றார்.

சவரிநாதன் சட்டையை நழுவவிட்டார். அந்தச் சொல்லின் பொருள் அவரைவிட யாருக்குத் தெரியும்? தோட்டத்தில் ஒருவருக்குக் குஷ்டம் என்று சந்தேகம் வந்தால் டிரசர் எழுதிக் கொடுக்க வேண்டும். டாக்டர் துரை வந்து ஆமென்றால், அந்த ஆளைப் பினாங்குப் பக்கத்துத் தீவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். போனவர் திரும்பியதாகத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

"பயப்படாதேங்கோ! எங்கட சாத்திரத்தில தோல் வியாதி எல்லாமே குஷ்டம்தான். மொத்தம் பதினெட்டு. ஏழு பெரிசு, பதினொண்டு சின்னன். நீங்கள் நினைக்கிறது பெரிசில கிடக்கு. இது சின்னன், தத்ரு குஷ்டம். சனம் படர்தாமரை எண்டு சொல்லும்."

"அப்ப படர்தாமரைன்னே சொல்லக் கூடாதா?" சவரிநாதனுக்கு மூச்சு வந்தது.

"சனம் சொல்லுற மாதிரிச் சொன்னா வைத்தியன் எதுக்கு?" என்றார் வைத்தியர். இந்த நியாயம் சவரிநாதனுக்கு உடனே விளங்கியது. தாமும் தலைவலிக்கு லத்தீனில் பெயர் எழுதுகிறவர்தான்.

"மீனும் பாலும் சேத்துச் சாப்பிடுறது காரணம். பகல் நித்திரை காரணம். பொய் சொல்லுறதும் பெரியாக்களைப் பழிக்கிறதும் காரணம் எண்டு சாத்திரத்தில கிடக்கு. உங்களுக்கு அப்பிடி ஏதும்...?"

"பகல்ல கொஞ்சம் தூங்குவேன்," என்றார் சவரிநாதன்.

வைத்தியர் ஒரு போத்தல் எண்ணெய் கொடுத்தார். தகரை விதையும் நீரடிமுத்தும் சேர்த்துக் காய்ச்சியது. மூடியைத் திறந்து நெடி பரவியதும் காப்பிக்கடையில் யாரோ கான்டனீஸில் எதையோ திட்டினார்கள்.

"இது மேலுக்கு. உள்ளுக்குக் கசப்பு நெய் வேணும்; காய்ச்ச மூண்டு நாள் செல்லும். வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கே அனுப்பிவிடுறன்."

"வேண்டாம்! நானே வந்து வாங்கிக்கிறேன்!"

"எங்கட ஆளை இவ்வளவு தூரம் அலைய விடுவனே?" என்று வைத்தியர் பேரேட்டை மூடினார்.

மூன்று நாள் எண்ணெய் தடவியதில் ஓர் அதிசயம் நடந்தது: அரிப்பு நின்றது. விளிம்பின் சிவப்புக்கூட மங்கியது. ஆனால் சவரிநாதன் போகுமிடமெல்லாம் அந்த நெடியும் போனது. "எலி செத்துக் கிடக்கு," என்று கெர்ட்ரூட் வீட்டைத் தலைகீழாக்கினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டில் மீனைப் பார்த்ததும் அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"வெள்ளிக்கிழம கறி ஆகாது, சரி. மீனும் ஆகாதா? தஞ்சோங் ரம்புத்தான் போய்ட்டு வந்ததுலேர்ந்து நீங்க நீங்களா இல்ல," என்று அவள் கண்ணைத் துடைத்தாள்.

அவர் மனம் நெய் டின்னில் இருந்தது. காலையிலேயே கருப்பம்மாளைக் கூப்பிட்டு, "ஈப்போலேர்ந்து ஒரு ஆளு தகர டின் கொண்டு வருவான். கிராணி தியாகராஜாவுக்குன்னு சொல்லுவான். நீ கேட்டுலயே வாங்கி, யாருக்கும் காட்டாம எங்கிட்ட கொண்டாந்துரு," என்று சொல்லிவைத்திருந்தார்.

இரண்டு மணிக்குக் கருப்பம்மாள் வெறுங்கையோடு வந்தாள்.

"டின் எங்க?"

"குடுத்துட்டேன்."

"யார்கிட்ட?"

"கிராணியார்கிட்டதான். அவரு பேரச் சொல்லிக் குடுத்தான். அடுத்தவங்க சாமான ஒளிச்சு வச்சா அதுக்குப் பேரு என்னாங்க ஐயா? உங்களுக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதுன்னுதான் கையோட கொண்டுபோய்க் குடுத்தேன்."

சவரிநாதன் ஓடினார். ஆபீஸ் வாசலை எட்டும்போதே தியாகராஜாவின் குரல் கேட்டது. தமக்கு வரும் கடிதங்களைத் தோட்டமே கேட்கும்படி உரக்கப் படிப்பது அவர் வழக்கம். பெரிய மனிதருக்குத்தான் கடிதம் வரும் என்பது ஆட்களுக்குத் தெரிய வேண்டாமா? கங்காணி உடையப்பனும் இருபது பேரும் கைகட்டி நின்றார்கள். டின்னோடு வந்த அட்டையைத் தியாகராஜா தூரத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்ரீமான் தியாகராஜா அவர்களுக்கு. தங்களைக் கண்டு பேசியதில் மட்டற்ற மகிழ்ச்சி. தங்கள் திருமேனியில் கண்டுள்ள தத்ரு குஷ்..."

குரல் நின்றது.

"மேல படிங்க, கிராணியாரே," என்றார் உடையப்பன் பணிவாக.

தியாகராஜா அட்டையைக் கீழே இறக்கினார். உடையப்பனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். எட்டிப் பார்த்தார். "கு... ஷ்... ட... ம்," என்றார். பிறகு, தாம் கூட்டியது என்னவென்று தெரிந்து, மூன்றடி பின்னால் குதித்தார்.

நான்கு மணிக்குள் செய்தி கடைசி லயத்து வீட்டையும் எட்டிவிட்டது. கிராணி தொட்ட அரிசிப் படி கிணற்றடியில் கிடந்தது. அவர் பேர் கூப்பிட்ட செக்ரோல் ஏட்டைச் சுண்ணாம்பு தெளித்து மூலையில் வைத்தார்கள். ஐந்து மணிக்குத் தோட்டத்து மானேஜர் துரை ஆளனுப்பினார்: தியாகராஜா வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. டிரசர் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். நாளைக்கு டாக்டர் துரை வந்ததும் மற்றது.

சவரிநாதன் தியாகராஜா வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே பெரிய கிராணி கோட்டில்லாமல், ஒரு வேட்டியோடு நின்றார். முதல் முறையாக அவர் தம்மைவிட உயரம் குறைவு என்பது சவரிநாதனுக்குத் தெரிந்தது.

"சவரிநாதன், பாரும்! வடிவாப் பாரும்! என்ர உடம்பில ஒண்டும் இல்லை!"

பார்த்தார். விளக்கைப் பிடித்து முதுகு, கழுத்து, விரலிடுக்கு எல்லாம் பார்த்தார். ஒரு கொசுக்கடிகூட இல்லை. குழந்தைத் தோல்.

மூன்று மாத எண்ணெய் என்ன சும்மாவா என்று நினைத்துக்கொண்டார் சவரிநாதன். சுத்தமாகக் குணமாகியிருக்கிறது! வைத்தியன் கெட்டிக்காரன்தான்.

"ஒரு சொல் எழுதித் தாரும்," என்று கெஞ்சினார் தியாகராஜா. "எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். தீவுக்கு எண்டு சொன்னா அதுகளின்ர கதி என்ன?"

சவரிநாதனின் விலாவுக்குக் கீழே, மூன்று நாளாக அடங்கிக் கிடந்தது ஒருமுறை சுள்ளென்றது. பேனாவை எடுத்து, "குஷ்டம் இல்லை. தோல் சுத்தம்," என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். தியாகராஜா வாங்கிப் படித்தார். கண்ணீருக்கு நடுவிலும் ஓர் எழுத்தில் அவர் பார்வை தயங்கியது. ஆனால் திருத்தவில்லை. அதைப் பார்த்தபோதுதான் சவரிநாதனுக்கு உண்மையிலேயே மனம் இளகியது.

"இனி பயமில்ல, கிராணியாரே. தூங்குங்க."

"நித்திரையோ? என்ர பேரைச் சொல்லிக்கொண்டு எவன் போனான் எண்டு எனக்குத் தெரிய வேணும். வைத்தியரை நாளைக்கு இஞ்ச வரச்சொல்லி ஆள் விட்டிட்டன். ஒவ்வொருத்தனா முன்னால நிப்பாட்டிக் கேக்கப் போறன்."

இளகிய மனம் அப்படியே உறைந்தது.

சனிக்கிழமை காலையில் சவரிநாதன் மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்தார். பிறகு கண்ணாடிமுன் நின்று, பன்னிரண்டு வருஷமாக வளர்த்த மீசையை மழித்தார். பின்பக்கம் வந்த கெர்ட்ரூட் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்துக் கூச்சலிட்டாள்.

"யாரு நீங்க?"

"அதான் வேணும்," என்றார் அவர் நிம்மதியாக.

பத்து மணிக்கு டாக்டர் துரையின் மோட்டார் வந்தது. ஓட்டிவந்த டிரைவர் லூயிஸ் சவரிநாதனின் கோயில் ஆள். ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவில் பக்கத்தில் நிற்பவன். அவன் அவருடைய மேலுதட்டைப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, துரை இருந்ததால் விழுங்கிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி அறைக் கதவு சாத்தப்பட்டது. டாக்டர் துரை உட்காரவில்லை. மருந்து அலமாரியின் விளிம்பில் முதுகைச் சாய்த்து, இடமும் வலமுமாக மெல்ல அசைந்தபடி நின்றார். பெரிய மனிதர்கள் யோசிக்கும்போது இப்படித்தான் அசைவார்கள்போலும் என்று சவரிநாதன் மரியாதையோடு பார்த்தார்.

"சட்டை," என்றார் டாக்டர் துரை.

கழற்றினார். கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டார். டாக்டர் துரை நெருங்கினார். உடனே அந்த நெடி எழுந்தது. தகரை, நீரடிமுத்து, எல்லாம். மூன்று முறை குளித்தும் போகவில்லையே! டாக்டர் துரை ஓரடி நெருங்கினால் நெடி ஒரு பங்கு ஏறியது. பயத்தில் வேர்க்க வேர்க்க உள்ளே போன எண்ணெய் வெளியே வருகிறது. துரை மூக்கைச் சுளிப்பார் என்று காத்திருந்தார். துரை சுளிக்கவில்லை. எத்தனை பண்பான மனிதர்!

"கையைத் தூக்கு."

தூக்கினார். டாக்டர் துரையின் விரல் விலாவுக்குக் கீழே வந்து நின்றது.

"இது என்ன?"

"பிறந்ததுலேர்ந்து உள்ள மச்சம், சார்."

விரல் அசையவில்லை. கருவாட்டுக் கடைத் தராசு ஒன்று சவரிநாதனின் கண்முன் ஆடியது. அந்நேரம் வெளியே தியாகராஜாவின் குரல் உயர்ந்தது.

"சேர்! ஈப்போ வைத்தியர் ஸ்கந்தராஜா வந்திருக்கிறார்! உள்ள கூட்டிவரட்டே?"

விரல் சட்டென்று விலகியது. டாக்டர் துரையின் முகம் முதலில் சிவந்து, பிறகு சுவர்ச் சுண்ணாம்பு நிறத்துக்குப் போனது. மேசைமேல் கிடந்த தாளை இழுத்தார். "மச்சம். தோல் சுத்தம்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தியாகராஜாவைப் பற்றிச் சவரிநாதன் எழுதிய தாளிலும், ஆளைப் பார்க்காமலேயே, இன்னொரு கையெழுத்து.

"ஒன்றாம் தேதி ஈப்போவில் இரு," என்று அவசரமாகச் சொன்னார். "அங்கே உனக்கு என் சொந்த வேலை ஒன்றும் இருக்கும். இரகசியமான வேலை. லூயிஸ் சொல்லுவான்."

தொப்பியைக்கூட எடுக்காமல் பின்கட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். நாட்டு வைத்தியர் நிழலே படக் கூடாது என்று எவ்வளவு கொள்கைப் பிடிப்பு! சவரிநாதன் சிலுவை போட்டுக்கொண்டார். தலைமை டிரசர்! துரையின் இரகசியத்துக்குப் பாத்திரமானவர்! மார்பை நிமிர்த்தினார். அந்த மார்பில் இன்னும் சட்டை ஏறவில்லை என்பது நினைவுக்கு வருமுன் முன்கதவு திறந்துகொண்டது.

தியாகராஜா. பின்னால் வைத்தியர். அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் கருப்பம்மாள்.

சவரிநாதன் மழித்த முகத்தைத் தைரியமாகக் காட்டினார். வைத்தியர் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராக விலாவுக்குக் குனிந்தார்.

"வலு திறம்! விளிம்பு மங்கிப்போச்சு. தியாகராஜா, நெய் குடிச்சனீங்களோ?"

"தியாகராஜா நான்!" என்று அலறினார் தியாகராஜா.

"நீங்களோ? உங்களை நான் கண்டதே இல்லையே. முகத்தை மறந்தாலும் மறப்பன், தோலை மறக்கமாட்டன். இவர்தான் பருத்தித்துறைத் தியாகராஜா."

"இவர் சவரிநாதன்! டிரசர்! அடே விசரா, உன்ர சொறிக்கு என்ர பேரோ? தீவுக்குப் போக இருந்தனேடா!"

"பேரப் பத்தி நீங்க பேசாதீங்க!" சவரிநாதனும் குரலை உயர்த்தினார். "மூணு மாசமா எம் பேர்ல எண்ணெய் வாங்குனது யாரு? முதுகு பூரா விசர்ச்சிகைய வச்சிக்கிட்டு!"

"என்ர முதுகை நேற்றுப் பாத்தனீர்தானே! ஒண்டும் இருந்ததோ?"

"கொணமாயிட்டா எப்படி இருக்கும்?"

"எங்க குணமானது?" என்று வைத்தியர் குறுக்கிட்டார். "போன கிழமையும் ரெண்டு போத்தல் போனதே!"

எண்ணெய் நெடி இன்னும் அறையில் நின்றது. அது தம்மிடமிருந்து வரவில்லை, அலமாரியின் விளிம்பிலிருந்து வருகிறது என்பதைச் சவரிநாதன் அப்போதுதான் கவனித்தார்.

பின்கதவு வழியாக லூயிஸ் வந்தான். துரையின் தொப்பியை மேசையிலிருந்து எடுத்தான்.

"இந்தா!" என்று வைத்தியர் கை தட்டினார். "சவரிநாதன்ர ஆள் வந்திட்டான்! இவனையே கேளுங்கோ!"

லூயிஸ் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கால்சட்டைப் பையிலிருந்து ஒரு காலிப் போத்தலை எடுத்துச் சவரிநாதனின் கையில் வைத்தான்.

"கோவிச்சுக்காதீங்க, டிரசர் அண்ணே. தொர முதுகுக்கு இத்தன நாளும் ஒங்க பேரச் சொல்லி நான் வாங்கிட்டிருந்தேன்; சவரிநாதன நேர்ல பாக்காம இனி மருந்து கெடையாதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு, அதனாலதான் தொர ஒங்கள ஈப்போவுக்கு மாத்துறாரு."